உலகம் வெறும் பிம்பமா?

"இந்தப் பிரபஞ்சமே ஒரு ஹாலோகிராம் என்கிறார்களாமே! அப்படியானால் நம் அமல்களும் நிழல்கள்தாமே, கேள்வி கணக்கு எதற்கு?" கல்லூரியில் பயிலும் பிள்ளைகள் சிலர் இவ்வாறு கேட்கிறார்கள். பெற்றோர்கள் இதைச் சிரித்துத் தள்ளிவிட வேண்டாம்.

வங்கி அட்டையில் மின்னும் சிறு படத்தைப் பார்த்திருப்பீர்கள். தட்டையான தகடுதான், சாய்த்துப் பார்த்தால் ஆழம் தெரியும். அதன் பெயர்தான் ஹாலோகிராம். விஞ்ஞானிகள் இப்பெயரை எடுத்தாண்டதற்குக் காரணம் கருந்துளை. குதிரில் எவ்வளவு நெல் பிடிக்கும் என்பது அதன் கொள்ளளவைப் பொறுத்தது. கருந்துளையில் அடங்கும் தகவலின் அளவோ அதன் மேற்பரப்பைப் பொறுத்தது என்று 1972-ல் பெக்கன்ஸ்டைன் கருத்துரைத்தார். 1993-ல் ஹாலந்து நாட்டு ட ஹூஃப்டும், அடுத்து அமெரிக்காவின் சஸ்கிண்டும் இதை விரித்தார்கள்: ஓரிடத்தினுள் உள்ள அனைத்தின் விவரமும் அதைச் சூழ்ந்த எல்லைப் பரப்பிலேயே அடங்கிவிடக்கூடும் என்றார்கள். 1997-ல் மால்டசேனா இதற்குத் திட்டமான கணக்கொன்று தந்தார். ஆனால் அது வேறொரு வகைப் பிரபஞ்சத்திற்கான கணக்கு. விரிந்து கொண்டே செல்லும் நம் பிரபஞ்சத்திற்கு அது இன்னும் நிலைநாட்டப்படவில்லை. கேள்வி கேட்கும் பிள்ளைகளுக்கு இதை யாரும் சொல்வதில்லை!

சரி, நமக்கும் பொருந்துவதாகவே வைத்துக் கொள்வோம். பரப்பில் இருப்பது மெய், உள்ளே இருப்பது பொய் என்றாகுமா? எங்கள் குடுமியான்மலையில் இசைக் கல்வெட்டு ஒன்று உண்டு. 7-ஆம் நூற்றாண்டினது என்பர். ஏழு பண்களின் ஸ்வரங்கள் நந்நான்காகக் கிரந்த எழுத்தில் பாறைமீது வெட்டப்பட்டுள்ளன. பயின்றவர் அதைப் படித்துப் பாடினால், எழும் நாதத்தைப் பொய் என்போமா? எழுத்தும் நாதமும் ஒரே பண்ணின் இரு வடிவங்கள். (இது உவமைதான், கல்வெட்டுக்குப் பாடகர் வேண்டும், பிரபஞ்சக் கணக்கில் அப்படி ஒருவர் இல்லை.) மால்டசேனாவின் கணக்கிலும் இரு விவரிப்புகளும் சமமே, ஒன்று மற்றொன்றைப் பொய்யாக்குவதில்லை. அண்டை வீட்டார் பசித்திருந்தால், எந்தப் பரப்பில் எழுதப்பட்டிருந்தாலும் அது பசிதான். அநாதையின் சொத்தை அபகரித்தவன் அபகரித்தவன்தான்.

இன்னொரு சாராரைக் கண்டுதான் நமக்கு அதிக அச்சம். "லவ்ஹுல் மஹ்ஃபூளைத்தான் விஞ்ஞானம் இப்போது கண்டுபிடித்திருக்கிறது" என்று மேடையில் முழங்குகிறார்கள். அது கைபிடன்றோ, மறைவான விஷயமன்றோ! சமன்பாட்டுக்குள் அது எப்படி வரும்? கிரகணக் கணக்கை மார்க்கத்தின் பெயரால் மறுப்பவர் மார்க்கத்திற்கே தீங்கிழைக்கிறார் என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) எச்சரித்தார்கள். முடிவுறாத கணக்கொன்றை ஈமானுக்குத் தூணாக நடுவது மட்டும் நன்மையாகுமா? நாளை விஞ்ஞானிகளே அதைத் திருத்தி எழுதினால், அந்த மேடைக்கு முன் அமர்ந்திருந்த பிள்ளை எதைச் சந்தேகிப்பான்?