கலைஞன் பட்ட கடன்

ஒரு கலைஞன் தன்னை நேசித்தவர்களுக்குக் கடன்பட்டவனா? பட்டவன் என்றால், அந்தக் கடனை எந்த நாணயத்தில் திருப்பிக் கொடுக்க வேண்டும்?

இந்தக் கேள்விக்கு வழக்கமாக இரண்டு பதில்கள் சொல்லப்படுகின்றன. ‘ரசிகர்கள்தாம் என் தெய்வம், அவர்கள் விரும்புவதைக் கொடுப்பதே என் கடமை’ என்பது ஒன்று. ‘நான் யாருக்கும் கடன்பட்டவன் அல்ல; என் ஆத்ம திருப்திக்காகவே படைக்கிறேன்’ என்பது மற்றொன்று. மேடையில் எதைச் சொன்னாலும் கைதட்டல் கிடைக்கும். எனக்கோ இரண்டிலும் சம்மதம் இல்லை. முன்னதில், தெய்வத்துக்குப் படைக்கும் பாவனையில் வியாபாரம் நடக்கிறது. பின்னதைச் சொல்லுகிறவர், தம் திருப்திக்காகவே படைத்ததை விலை போட்டுக் கடைக்கு அனுப்புவானேன்?

இதைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு ஓர் ஆங்கிலப் பாடகியின் ஞாபகம் வருகிறது. கேட் புஷ் என்பது அவர் பெயர். தாமே பாட்டெழுதி, தாமே மெட்டமைத்து, தாமே பாடுகிறவர். எமிலி பிராண்டியின் ‘உதரிங் ஹைட்ஸ்’ நாவலில், இறந்துபோன காதலியின் ஆவி ஜன்னலருகே வந்து அழைக்கிறது அல்லவா? அந்த ஆவியின் குரலிலேயே ஒரு பாட்டைப் பாடி 1978-ஆம் ஆண்டில் வெளியிட்டார். பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் அது முதலிடத்தைப் பிடித்தது. அப்போது அவருக்குப் பத்தொன்பது வயது. தானே எழுதிய பாட்டைக் கொண்டு அந்த இடத்தை அடைந்த முதல் பெண் அவர்தாம். 1980-ல் வந்த அவருடைய மூன்றாவது இசைத்தொகுப்பும் முதலிடம் பெற்றது. அதே ரகத்தில் இன்னும் நாலு தொகுப்புகளைச் செய்து கொடுத்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

அவர் செய்தது வேறு. 1982-ல் ‘தி டிரீமிங்’ என்ற தொகுப்பு வந்தது. பிறர் துணையின்றி முழுப் பொறுப்பையும் தாமே ஏற்றுத் தயாரித்த முதல் தொகுப்பு அது. ஆஸ்திரேலியாவில் உருவான ‘ஃபேர்லைட்’ என்ற கருவியை அதில் நிறையப் பயன்படுத்தினார். எந்த ஓசையையும் பிடித்து வைத்துக்கொண்டு, அதையே ஸ்வரங்களாக வாசிக்க இடம் தரும் கருவி அது. ஒரு பாட்டில், அமெரிக்கச் சிப்பாயை வேட்டையாடும் வியட்நாம் போராளியாக நின்று பாடினார். இன்னொன்றில், மாயவித்தைக்காரன் ஹூடினியின் மனைவியாக மாறினார். துயரத்தில் கரகரக்கும் குரல் அதற்கு வேண்டும் என்பதற்காகப் பாலும் சாக்லேட்டும் சாப்பிட்டுத் தொண்டையைக் கெடுத்துக்கொண்டு பாடினார். கடைசிப் பாட்டில், அந்நியன் நுழையாமல் கதவடைத்துக்கொள்ளும் வீடாகவே ஒரு பெண் ஆகிவிடுகிறாள்; முடிவில் மனிதக் குரல் கழுதைக் குரலாக மாறிக் கத்துகிறது.

தொகுப்பு மூன்றாம் இடம்வரை ஏறியது. ஆனால் அதன் தலைப்புப் பாட்டைத் தனி இசைத்தட்டாக வெளியிட்டபோது அது நாற்பத்தெட்டாம் இடத்துக்கு மேல் போகவில்லை. ‘நாங்கள் நேசித்த குரல் எங்கே?’ என்ற மனக்குறை பலருக்கு இருந்திருக்கும். அந்தக் குறையை நான் எள்ளி நகையாடமாட்டேன். அவர்கள் காசு கொடுத்தவர்கள். காசைவிடப் பெரியதான அன்பையும் கொடுத்தவர்கள்.

நாவல் எழுதுகிறவனுக்கும் இந்த வழக்குப் புதியதல்ல. ‘முந்திய கதையில் வந்த பெண்ணைப் போலவே இன்னொருத்தியைப் படைக்கக் கூடாதா?’ என்று எனக்கும் கடிதங்கள் வருகின்றன. அன்போடு எழுதப்பட்ட கடிதங்கள்தாம். ஆனால் அவற்றைப் படிக்கும்போது ஒன்று தோன்றுகிறது. அந்த முதல் பெண்ணைப் படைக்கச் சொல்லி யாரும் எனக்குக் கடிதம் எழுதவில்லையே!

விஷயம் இங்கேதான் இருக்கிறது. ஒரு நாவலின் ஆவியைப் பாட்டாக்கித் தரும்படி 1978-ல் யாரும் அந்தப் பெண்ணைக் கேட்கவில்லை. கேட்காமல் வந்தது என்பதும் அந்தப் பாட்டின் அழகில் ஒரு பங்கு. அதை நேசித்தவர்கள் ‘அதையே மறுபடி கொடு’ என்னும்போது, தாங்கள் நேசித்ததற்கு நேர்மாறானதைக் கேட்கிறார்கள். கடைக்காரர் சரக்கை மாற்றினால் மோசடி. அவரிடம் நாம் பொருளுக்காகப் போகிறோம். கலைஞனிடம் நாம் போவது, நமக்குத் தெரியாத ஒன்றை அவன் கண்டு சொல்லுவான் என்பதற்காக. முன்பு கண்டதையே திருப்பிச் சொல்லும்போதுதான் அவன் வாக்குத் தவறுகிறான்.

அப்படியானால் புதுமை எல்லாம் தர்மமா? இல்லை. பழையதில் சலித்துப்போய், பிறரைத் திடுக்கிட வைப்பதற்காகவே செய்யும் புதுமை உண்டு. அதுவும் ஒருவகை வியாபாரம்தான். இரண்டையும் பிரித்தறிய நான் கேட்கும் கேள்வி ஒன்றே: அந்த மாறுதலைக் கேட்டது எது, பாட்டின் பொருளா, பாடகரின் அகந்தையா? கணவனை இழந்தவளின் துயரத்தை இனிமையான குரலில் பாடினால் அது பொய்யாகிவிடும். ஆகவே அந்தக் கரகரப்பு நியாயம். பிடிவாதத்தின் எல்லைக்கே போய்விட்டவளுக்குக் கழுதைக் குரலும் நியாயம். ஆனால் அந்தத் தொகுப்பின் சில இடங்களில் ஓசைமேல் ஓசையாக அடுக்கி, கேட்கிறவர் மூச்சுவிட இடமில்லாமல் செய்துவிட்டார் என்பதும் என் அபிப்பிராயம். துணிச்சலுக்காக அந்தக் குறையை மறைத்துப் பேச வேண்டியதில்லை.

இந்தக் கதையைச் சொல்லுகிறவர்கள் வழக்கமாக ஒரு வெற்றியோடு முடிப்பார்கள். அவர் சொந்தமாக ஒலிப்பதிவுக் கூடம் அமைத்துக்கொண்டார். அங்கே உருவாகி 1985-ல் வெளிவந்த ‘ஹவுண்ட்ஸ் ஆஃப் லவ்’ முதலிடம் பெற்றது. அதிலுள்ள ஒரு பாட்டு, தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் ஒலித்ததால், 37 ஆண்டுகள் கழித்து 2022-ல் முதலிடத்துக்கு வந்தது. ‘பார்த்தீர்களா, காலம் தீர்ப்புச் சொல்லிவிட்டது!’ என்பார்கள். உண்மைதான்; ஆனால் நான் அதைச் சாட்சியாக அழைக்க மாட்டேன். பின்னால் வந்த வெற்றிதான் 1982-ஐ நியாயப்படுத்துகிறது என்றால், வெற்றி வராமலே போன மற்றவர்களெல்லாம் குற்றவாளிகளா? அந்த ஒலிப்பதிவுக் கூடம் மட்டும் எனக்கு முக்கியமாகப் படுகிறது. சுதந்திரம் வேண்டும் என்றவர், பிறருடைய கூடத்தையே நம்பியிராமல், அதற்குரிய இடத்தைத் தாமே அமைத்துக்கொண்டார்.

ஆகவே கலைஞன் கடன்பட்டவன்தான். உண்மையாலும் உழைப்பாலும் அதைத் தீர்க்க வேண்டுமே தவிர, பழகிய இனிப்பால் அல்ல. ரசிகருக்கும் ஒரு கடன் இருக்கிறது: முதல் தடவை காது சுளித்தாலும் இரண்டாம் தடவை கேட்டுப் பார்ப்பது. அதன் பிறகும் பிடிக்கவில்லை என்றால் அதைத் தாராளமாகச் சொல்லட்டும். அடுத்த தட்டை வாங்காமலே இருக்கட்டும். அந்த உரிமையை யாரும் மறுக்க முடியாது. ‘இப்படித்தான் பாட வேண்டும்’ என்று உத்தரவு போடும் உரிமையை மட்டும் அவர் விலைக்கு வாங்கவில்லை. அது விற்பனைக்கு வந்த பொருளும் அல்ல.