புறாவுக்கு இரை போட்டவர் யார்?

இங்கிலாந்தில் பெட்ஃபோர்டுஷயர் பகுதியில் வில்லிங்டன் என்றொரு கிராமம் உண்டு. அங்கே கல்லால் கட்டிய பெரிய புறாமாடம் ஒன்று இன்றும் நிற்கிறது. எட்டாம் ஹென்றி மன்னரிடம் (1509-1547) உத்தியோகம் பார்த்த சர் ஜான் காஸ்ட்விக் என்ற பிரபு தமது பண்ணையில் கட்டியது அது. உட்சுவர்களில் ஏறத்தாழ 1,500 கூடுகள். நேஷனல் டிரஸ்ட் என்னும் ஸ்தாபனம் அதைப் பாதுகாத்து வருகிறது.

பார்ப்பவர்களுக்கு அது அழகான கட்டடம். கட்டியதோ இறைச்சிக்காக. பிறந்து நாலு வாரமாகி, இன்னும் பறக்கத் தொடங்காத குஞ்சுகளைப் பிடித்துப் பிரபுவின் சமையற்கட்டுக்கு அனுப்புவார்கள். எச்சம் வயலுக்கு எருவாகும். ஆனால் அத்தனை புறாக்களுக்கும் இரை போட்டது யார்?

புறாக்கள் பறந்து சென்று மேய்ந்தன. பிரபுவின் வயல், குடியானவன் வயல் என்ற பேதம் அவற்றுக்குத் தெரியாது. அக்காலத்தில் மாடம் வைக்கும் உரிமை பெரும்பாலும் பிரபுக்களுக்கும் மடங்களுக்குமே இருந்தது. தான் விதைத்ததைப் புறா பொறுக்கினாலும் குடியானவன் அதைக் கொல்லக் கூடாது. பிரான்ஸ் தேசத்திலும் இப்படியே இருந்து, 1789 ஆகஸ்டில்தான் அந்தத் தனியுரிமையை ஒழித்தார்கள்.

"வாயில்லாப் பிராணிக்கு அல்லாஹ் ரிஸ்க் அளிக்கிறான். ஒரு முஸ்லிம் பயிரிட்டதைப் பறவை தின்றாலும் அது தருமம் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அருளியிருக்கிறார்களே" என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். அந்த நன்மை விதைத்தவனுக்கு உரியது. குஞ்சைச் சமைத்துத் தின்றவன் அதைக் காட்டித் தப்ப முடியுமா? பறவை மீது குற்றமில்லை. மாடம் கட்டி இலாபம் கண்டவனிடம் கேள்வி உண்டு.

பிறர் வயலில் இரவில் ஆடுகள் மேய்ந்துவிட்ட வழக்கு, திருக்குர்ஆனில் அன்பியா சூறாவில் வருகிறது. நபி சுலைமான் (அலை) அவர்களின் தீர்ப்பை விரிவுரையாளர்கள் இவ்வாறு விளக்குவர்: ஆட்டுக்காரர் வயலைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும், அதுவரை ஆடுகளின் பலனை வயல்காரர் அனுபவிக்க வேண்டும். எந்த மணி எந்த ஆட்டின் வயிற்றில் போயிற்று என்று அங்கே யாரும் எண்ணவில்லை. இலாபம் யாருக்கோ, நஷ்டத்தை ஈடு செய்வதும் அவர் மீதே.

சகோதரர்களே! நம்மிடம் புறாமாடம் இல்லை. ஆயினும் நம்மில் சிலர் கடைச் சாமானை நடைபாதையில் பரப்பி, வயோதிகரை ரோட்டில் இறங்கி நடக்கச் செய்கிறோம். வேலைக்காரப் பையனின் சாப்பாட்டு நேரத்தையும் தொழுகை நேரத்தையும் நமது வியாபாரம் தின்றுவிடுகிறது. "நான் திருடவில்லை" என்று சொன்னால் போதாது. கணக்கேட்டை மூடுமுன், இன்றைய இலாபத்துக்கு இரை போட்டவர் யார் என்று பார்த்து, அவருடைய ஹக்கை இந்த உலகத்திலேயே கொடுத்துவிடுவோம்.