தன்னைத் தான் கூறல்: தற்சார்புப் புனைகதையாளரும் பாயிர அறமும்

முன்னுரை

தம் நூலைத் தாமே எழுதி, தாமே பிழைதிருத்தி, தாமே வெளியிட்டு, தாமே வாசகரிடம் அறிமுகப்படுத்தும் புனைகதையாளர் தமிழில் இன்று பெருகியுள்ளனர். தமிழ் எழுத்துருக்கள் இணையத்தில் பரவத் தொடங்கிய 1990களின் இறுதியிலிருந்து இந்நிலை மெல்ல உருவாயிற்று. 2014இல் தொடங்கப்பெற்ற பிரதிலிபி போன்ற தளங்களும், 2016ஆம் ஆண்டின் இறுதியில் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் மின்னூல் விற்பனையைத் தொடங்கிய அமேசான் கிண்டிலும் அதனை விரைவுபடுத்தின. தில்லியில் இந்திரா பார்த்தசாரதியும் ஆதவனும், மும்பையில் நாஞ்சில் நாடனும் இருந்து எழுதிய காலத்தில், எழுத்தாளருக்கும் தமிழ் வாசகருக்கும் இடையே அஞ்சலும் இதழாசிரியரும் அச்சகமும் நின்றன. தமிழகத்திற்கு வெளியே வாழும் இன்றைய எழுத்தாளருக்கு அவ்விடைவெளி ஏறத்தாழ இல்லை.

இவ்விடுதலையோடு ஒரு சுமையும் சேர்ந்தே வந்தது. முன்பு பதிப்பாளரும் இதழாசிரியரும் செய்த பணி எழுத்தாளரின் தோளில் இறங்கியது. தாம் யார், எவற்றைப் படிக்கிறார், எவற்றில் ஈடுபாடு உடையவர், அடுத்த நாவல் எந்நிலையில் உள்ளது என்பனவற்றை அவரே நாள்தோறும் சொல்லியாக வேண்டும். சொல்லாதவர் இல்லாதவராகவே கொள்ளப்படுகிறார். இந்நிலையில் எழுத்தாளர் தம்மைப் பற்றித் தாமே பேசுவது அறத்தின்பாற்பட்டதா, பட்டதெனின் அதன் எல்லை யாது என்னும் வினாவை நன்னூலின் பாயிரக் கருத்துகளைத் துணையாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

பாயிரம் உரைக்கத் தக்கார்

ஒரு நூலை உலகிற்கு அறிமுகம் செய்யும் சிறப்புப்பாயிரத்தை யார் உரைக்கலாம் என்பதைப் பவணந்தி முனிவர் வரையறுத்துள்ளார். நூலாசிரியனின் ஆசிரியன், அவனோடு உடன் பயின்றவன், அவனுடைய மாணாக்கன், தகுதி வாய்ந்த உரைகாரன் என்னும் நால்வர்க்கே அவ்வுரிமை உண்டு. இந்நால்வருள் நூலாசிரியன் இடம்பெறவில்லை. அரிய பொருள்களைத் தோற்றுவித்துத் துறை பலவற்றை முடித்துக் காட்டியவனாயினும் தன்னைத் தானே புகழ்ந்துகொள்வது தகுதியன்று என்று அடுத்த நூற்பாவிலேயே அவர் தெளிவுபடுத்துகிறார்.

இந்நால்வரைச் சற்று ஊன்றி நோக்குதல் வேண்டும். நடுவுநிலைமையே தகுதி எனின் ஆசிரியனுக்கும் உடன் பயின்றவனுக்கும் மாணாக்கனுக்கும் இங்கு இடம் இருந்திராது. அவர்கள் மூவரும் நூலாசிரியனோடு அன்பால் பிணைக்கப்பட்டவர்கள். ஆயினும் நன்னூல் அவர்களை விலக்கவில்லை. நால்வர்க்கும் பொதுவாக அமைந்த தகுதி கல்வித் தொடர்பே. நூலாசிரியன் எதைக் கற்றான், எவ்வாறு கற்றான், எதனை எழுதினான் என்பதை அறிந்தவர்கள் அவர்கள். ஆகவே, அறிமுகம் செய்வோருக்கு வேண்டப்படுவது உறவின்மை அன்று. அறிவே என்பது பெறப்படுகிறது.

இன்றைய சூழலுக்கு இது நேரடியான பொருத்தம் உடையது. தற்சார்பு எழுத்தாளர்கள் ஒருவர் நூலுக்கு ஒருவர் விமர்சனம் எழுதுவதும் நட்சத்திர மதிப்பீடு அளிப்பதும் வழக்கமாகிவிட்டன. இதனை நட்பின் பெயரால் பழிப்போர் உளர். நன்னூல் வழி நோக்கின், நண்பர் புகழ்வது பிழையன்று. படிக்காது புகழ்வதே பிழை. உடன் பயின்றவன் என்னும் சொல்லில் உள்ள அழுத்தம் 'உடன்' என்பதினும் 'பயின்றவன்' என்பதிலேயே உள்ளது. நூலைப் படிக்காமல் ஐந்து நட்சத்திரம் வழங்குபவர் நண்பருக்கு நன்மை செய்வதாகக் கருதலாம். ஆனால் அம்மதிப்பீட்டை நம்பிப் பொருளும் நேரமும் செலவிடும் முன்பின் அறியாத வாசகருக்கு அவர் பொய்ச்சான்று கூறியவரே ஆகிறார்.

தற்புகழ்ச்சியின் விலக்குகள்

தற்புகழ்ச்சியை மறுத்த நன்னூல் நான்கு இடங்களில் அதற்கு இசைவும் தருகிறது. அரசனது அவைக்கு ஓலை விடுக்கும்போதும், தன் ஆற்றலை உணராதாரிடத்தும், அவையில் வாதிட்டு வெல்ல வேண்டிய பொழுதும், எதிர்ப்பக்கத்தார் தன்னைப் பழித்த காலத்தும் புலவன் தன்னைப் புகழ்தல் தகும் என்கிறது. புலமையை நம்பி வாழ்ந்தவனின் நடைமுறைத் தேவையை இலக்கணம் அறிந்திருந்தது என்பதற்கு இது சான்றாகும்.

இருபதாம் நூற்றாண்டில் இவ்விலக்குகளுக்கு விளக்கமாக அமைபவர் பாரதியார். 1919இல் எட்டயபுரம் ஜமீன்தாருக்கு அவர் விடுத்த சீட்டுக்கவி ஓலைத்தூக்கு மரபைச் சார்ந்தது. அதில் அவர் தம் கவித்துவத்தைத் தயக்கமின்றி எடுத்துரைக்கிறார். 1920இல் தம் நூல்கள் அனைத்தையும் வெளியிடும் திட்டத்தை அறிவித்துப் பொருளுதவி வேண்டிச் சுற்றறிக்கை விடுத்தபோது, அன்றாடப் பயன்பாட்டுப் பொருள்களைப் போல் அவை விரைந்து விலைபோகும் என்னும் உறுதியையும் வெளியிட்டார். முன்னது ஒருவரை நோக்கியது. பின்னது பலரை நோக்கியது. முன்னதை முதல் விலக்கிலும் பின்னதை இரண்டாம் விலக்கிலும் அடக்கலாம். தம் நூலைத் தாமே வெளியிட முனைந்த ஓர் எழுத்தாளரின் குரல் அச்சுற்றறிக்கையில் ஒலிக்கிறது. அதனைத் தற்பெருமை என்று ஒதுக்குவோர் அன்று அவருக்குப் பாயிரம் உரைக்க முன்வந்த பதிப்பாளர் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

ஈண்டு ஒரு தடை எழுப்பப்படலாம். இணையத்தில் எழுதும் புதிய எழுத்தாளரைச் சூழ்ந்திருப்போர் அனைவரும் அவர் ஆற்றலை உணராதவர்களே. அங்ஙனமாயின் இரண்டாம் விலக்கு எல்லா இடத்தையும் எல்லாக் காலத்தையும் தழுவிவிடும். விதி பொருளற்றுப் போகும். இத்தடை வலிமையானது. அடக்கம் என்பது வாய்ப்புடையோர்க்கே எளிது என்பதும் இதனோடு சேர்த்துக் கருதத்தக்கது. பெயர்பெற்ற பதிப்பகத்தின்வழி எழுதுபவருக்காகப் பின்னட்டை புகழ்கிறது. வெளியீட்டு விழா மேடை புகழ்கிறது. அவர் அமைதியாக அமர்ந்திருக்கலாம். ஆசிரியரும் உடன் பயின்றாரும் இல்லாது, சிற்றூரிலிருந்தோ வீட்டுப் பணிகளுக்கு இடையிலிருந்தோ கைப்பேசியில் நாவல் எழுதும் பெண்ணிடம் அதே அமைதியை வேண்டுவது அறமாகாது.

இதற்கு விடை அவ்விலக்குகளின் இயல்பிலேயே உள்ளது. நான்கும் சூழல் சார்ந்தவை. ஒரு நோக்கம் முடிந்ததும் முடிவன. ஓலை சென்று சேர்ந்ததும் அதன் பணி தீர்ந்தது. வாதம் முடிந்ததும் அவை கலைந்தது. உணராதார் உணர்ந்தபின் உணர்த்துவதற்கு ஒன்றுமில்லை. இலக்கணம் புலவனுக்கு வழங்கிய இசைவு ஒரு பொழுதுக்கு உரியது. வாழ்நாள் முழுமைக்கும் உரியதன்று. இணையமோ பொழுது முடியாத அவை. அங்கு நேற்றைய அறிமுகம் இன்று மறக்கப்படுவதால் நாளையும் அறிமுகம் செய்ய வேண்டியுள்ளது. ஆகவே எழுத்தாளர் தம்மைக் கூறுவதில் குற்றமில்லை. கூறி முடிக்கத் தெரியாமையிலேயே குற்றம் உள்ளது. நூல் வெளிவரும்போது அதனை அறிவிப்பது முன்னதைச் சாரும். நூல் இல்லாத நாள்களிலும் தம் இருப்பை அறிவித்துக்கொண்டே இருப்பது பின்னதைச் சாரும். இதில் பெரிதும் இழப்பவர் எழுத்தாளரே. எழுதுவதற்கும் படிப்பதற்கும் உரிய நேரமே தன்னைக் கூறுதலுக்குச் செலவாகிறது.

தம்மைக் கூறாது படைப்பையே நாள்தோறும் முன்வைக்கும் வழியும் இங்கு உண்டு. ஜெயமோகன் தம் தளத்தில் 2014 சனவரி முதல் 2020 சூலை வரை எழுதி நிறைவுசெய்த வெண்முரசு, 26 நாவல்களாக விரிந்தது. அதன் தரம் பற்றிய கருத்துகள் எவ்வாறாயினும், வாசகர் அன்றாடம் வந்து பெற்றுச் சென்றது ஒரு நாவலின் அத்தியாயத்தை என்பது குறிப்பிடத்தக்கது.

அவை இல்லாத பழிப்பு

நான்காம் விலக்கு தனித்து ஆராயத்தக்கது. எதிர்ப்பக்கத்தார் பழிக்கும்போது புலவன் தன்னை நிலைநிறுத்திக்கொள்ளலாம் என்னும் இவ்விசைவு, இருவர் சொல்லையும் கேட்டு முறை செய்யும் ஓர் அவை உண்டு என்பதை அடிப்படையாகக் கொண்டது. 2010இல் வெளிவந்த மாதொருபாகன் நாவலுக்கு 2014 இறுதியில் எதிர்ப்பு எழுந்தபோது அத்தகைய அவை இல்லை. 2015 சனவரியில் பெருமாள்முருகன், எழுத்தாளன் பெருமாள்முருகன் இறந்துவிட்டான் என்று முகநூலில் அறிவித்தார். தன்னைப் புகழ்ந்துகொள்ளும் உரிமை பெற்றிருந்த ஒருவர், தன்னை இல்லாமல் ஆக்கிக்கொள்ளும் சொல்லையே தேர்ந்தார். 2016 சூலையில் சென்னை உயர்நீதிமன்றம் அவருக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்து, மீண்டும் எழுதுமாறு கூறியபோதே அவை கூடியது எனலாம். பலர் கூடியிருக்கும் இடமெல்லாம் அவையாகிவிடாது. படித்தபின் மதிப்பிடுவோர் இருக்கும் இடமே அவை என்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது. தற்சார்பு எழுத்தாளருக்குப் பின்னால் பதிப்பகமும் இல்லாத நிலையில், படிக்காது பழிப்போரிடமிருந்து அவரைக் காக்கும் பொறுப்பு படித்த வாசகரையே சாரும்.

வாசிப்பும் வழியும்

சிறப்புப்பாயிரம் உணர்த்த வேண்டியவற்றுள் ஆக்கியோன் பெயரை அடுத்து வைக்கப்பட்டது 'வழி'. இந்நூல் எம்மரபிலிருந்து வருகிறது, எதனை முதலாகக் கொண்டது என்பதை அது தெரிவிக்கும். எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் ஆகியன பின்னர் வருகின்றன. இவ்வெட்டனுள் புகழ் என ஒன்று இல்லை. எழுத்தாளர் தம்மைப் பற்றி எதனைக் கூறலாம் என்னும் வினாவுக்கு இப்பட்டியல் விடை தருகிறது. வாசகர் நூலை அணுகத் துணைபுரியும் செய்தி பாயிரம். எழுத்தாளரை வியக்கத் தூண்டும் செய்தி புகழ்.

இவ்வகையில் எழுத்தாளர் தம் வாசிப்பைப் பற்றிப் பேசுவது தனிச்சிறப்புடையது. அது தம் கடனை ஒப்புக்கொள்வது. தற்சார்பு என்னும் சொல் எவரையும் சாராமை என்ற மயக்கத்தைத் தரக்கூடும். பதிப்பாளரைச் சாராத எழுத்தாளர் உளர். முன்னோரைச் சாராத எழுத்தாளர் இலர். எவ்வெழுத்தாளரிடமிருந்து உரையாடல் அமைக்கக் கற்றார், எந்நாவலின் நிலக்காட்சி தம் நாவலுக்குள் வந்தது என்று ஒருவர் கூறும்போது அவர் தம்மைத் தாழ்த்தவும் இல்லை, உயர்த்தவும் இல்லை. தாம் நிற்கும் இடத்தைக் காட்டுகிறார்.

வாசிப்பைக் கூறுவதும் பகட்டாகலாம். ஓராண்டில் நூறு நூல்கள் முடித்ததாகப் பட்டியலிடுவதும், அயல்நாட்டுப் பெயர்களை அடுக்குவதும் அத்தகையன. இவற்றை வேறுபடுத்தும் அளவுகோலையும் நன்னூலே தருகிறது. வழிநூல் என்பது முன்னோர் முடிபோடு ஒத்து, பின்னோன் விரும்பும் வேறுபாட்டையும் கூறுவது. பெற்றது யாது, வேறுபட்டது எங்கே என்னும் இரண்டையும் சொல்பவரே வழியைக் காட்டியவர். பெயர்களை மட்டும் அடுக்குபவர் பிறர் புகழைத் தம் மேல் போர்த்திக்கொண்டவர்.

இதற்குத் தக்க சான்று சி. சு. செல்லப்பா. 1959இல் அவர் தொடங்கி 1970 வரை நடத்திய எழுத்து இதழ், ந. பிச்சமூர்த்தி முதல் பிரமிள் வரை பலரின் கவிதைகளுக்கு இடமளித்தது. தம் வெளியீடுகளைச் சுமந்து கல்லூரிகளுக்குச் சென்று அவர் விற்றதும் பலரும் அறிந்தது. முதுமையில், 1997இல், சுதந்திர தாகம் என்னும் பெருநாவலைத் தாமே வெளியிட்டார். அவர் மறைந்தபின் 2001இல் அதற்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. அவர் சுமந்த கட்டில் அவர் நூல்கள் மட்டும் இருக்கவில்லை; பிறர் நூல்களும் இருந்தன. தம்மைக் கூறுவதற்குக் கிடைத்த வாய்ப்பைப் பிறரைக் கூறுவதற்கும் பயன்படுத்தினார். நன்னூல் கூறும் உடன் பயின்றவனின் கடமையைச் செய்துகொண்டே நூலாசிரியனாகவும் அவர் விளங்கினார் எனலாம்.

முடிவுரை

தற்சார்புப் புனைகதையாளர் தம்மைப் பற்றிப் பேசுவது விலக்கத்தக்கது அன்று. பாயிரம் உரைப்பார் இல்லாத இடத்தில் அது தவிர்க்க இயலாதது. ஆயினும் அப்பேச்சு மூன்று எல்லைகளுக்கு உட்பட்டது. அது ஒரு நூலின் பொருட்டு, ஒரு பொழுதுக்கு உரியதாதல் வேண்டும். வாசகர் நூலை அணுகத் துணைபுரிவதாதல் வேண்டும். தம் வழியை, அதாவது தாம் பட்ட கடனை, மறைக்காததாதல் வேண்டும்.

வாசகருக்கும் இதில் பங்கு உண்டு. எழுத்தாளர் தம்மைத் தாமே ஓயாது கூறவேண்டிய நிலை நீங்க வேண்டுமாயின், கூறத் தக்க நால்வர் அவருக்கு அமைதல் வேண்டும். படித்து, படித்ததை நேர்மையாகக் குறையும் நிறையும் கூறி எழுதும் ஒவ்வொரு வாசகரும் அந்நால்வருள் ஒருவராகிறார். தமிழ்த்துறைகள் இவ்வகை நூல்களையும் ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளின், தகுதி வாய்ந்த உரைகாரன் என்னும் நான்காம் இடம் வெற்றிடமாக இராது.