எட்டாம் நாள்

ஒரு நற்செயல் எப்போது நிறைவு பெறுகிறது? செய்து முடித்த பொழுதிலா, பாராட்டுப் பெற்ற பொழுதிலா, பயன்பெற வேண்டியவர் உண்மையிலேயே பயன்பெற்ற பொழுதிலா? எளிதாகத் தோன்றும் இவ்வினாவுக்கு விடை காண, சிறு நகர் ஒன்றின் அரிமா சங்கத் தலைவர் கழிக்கும் ஒரு வாரத்தை நாம் எண்ணிப் பார்க்கலாம்.

அரிமா சங்கம், சிகாகோவில் காப்பீட்டுத் தொழில் நடத்திய மெல்வின் ஜோன்ஸ் என்பவரின் முயற்சியால் 1917-இல் தோன்றியது. தொழில் ஆதாயத்துக்கெனக் கூடும் வணிகர்கள் ஊர் நலத்துக்காகவும் கூடலாகாதா என்பதே அவர் எண்ணம். 1925-இல் அச்சங்கத்தின் மாநாட்டில் உரையாற்றிய ஹெலன் கெல்லர், பார்வையற்றோருக்காகப் போராட முன்வருமாறு வேண்டினார். அதன்பின் கண்ணொளிப் பணி அதன் சிறப்புப் பணியாயிற்று. 1956-இல் இந்தியாவில் காலூன்றிய இச்சங்கத்தின் கிளைகளில், தலைமைப் பொறுப்பு ஜூலை முதல் நாள் தொடங்கி ஓராண்டில் முடிகிறது.

கண் சிகிச்சை முகாம் நடக்கும் வாரம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். திங்களன்று மருத்துவமனையோடு பேசி, வரும் மருத்துவர் எத்தனை பேர் என உறுதி செய்கிறார் தலைவர். செவ்வாயன்று பள்ளித் தாளாளரிடம் இடம் கேட்கிறார். புதனன்று நன்கொடைக்காக, தம் கடையைப் பிறரிடம் விட்டுவிட்டு மற்றொருவர் கடையில் காத்திருக்கிறார். வியாழனன்று சங்கக் கூட்டம். விளம்பரத் தட்டியில் எவர் பெயர் முதலில் வருவது என்னும் விவாதம் முகாமைப் பற்றிய பேச்சைக் காட்டிலும் நீள்கிறது. வெள்ளியன்று ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ சுற்றுப்புறச் சிற்றூர்களுக்குச் செல்கிறது. சனியன்று நாற்காலியும் குடிநீரும் உணவும். ஞாயிறன்று முகாம், பொன்னாடை, புகைப்படம். கண்புரை முற்றியவர்கள் பேருந்தில் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லப்படுகிறார்கள்.

வாரம் முடிந்தது. பணி முடிந்ததா?

அறுவைக்குப் பின் பல நாள் சொட்டு மருந்து இடவேண்டும், மறுபரிசோதனைக்கு வரவேண்டும். தனித்து வாழும் மூதாட்டிக்கு மருந்திடுபவர் யார்? அறுவை வேண்டும் எனக் கேட்டதும் அஞ்சி வீடு திரும்பியவரைத் தேடிச் செல்பவர் யார்? 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு டாக்டர் கோ. வேங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் அனுபவம் இங்கு நினைக்கத்தக்கது. சிகிச்சை இலவசமே ஆயினும், பயணச் செலவும் இழக்கும் கூலியும் துணைக்கு ஆளின்மையும் ஏழையைத் தடுத்து நிறுத்தும் என அது கண்டது. பேருந்தும் உணவும் சிகிச்சையின் பகுதிகளாயின.

பாராட்டை விரும்புவதை நாம் இகழ வேண்டியதில்லை. கல்வெட்டில் பெயர் வேண்டிக் கட்டப்பட்ட தண்ணீர்த் தொட்டியிலும் தாகம் தீரும் அன்றோ? அந்த ஆசை இல்லையேல் பல பணப்பைகள் திறவாமலே இருந்திருக்கும். ஆயினும் பாராட்டு, கண்ணுக்குத் தெரிவதையே அளக்கும். வந்தவர் எத்தனை பேர் என்று அது கேட்கும். ஒரு திங்கள் கழித்துப் பார்வை பெற்றவர் எத்தனை பேர் என்று கேளாது. அளவுகோல் எதுவோ, பணியும் மெல்ல அதன் பக்கமே வளையும். தீங்கு இங்கேதான் தொடங்குகிறது.

ஓராண்டுத் தலைமை இதற்கு மருந்தாகவும் அமையக்கூடும். மற்றொரு சேவைச் சங்கமாகிய ரோட்டரி, 1985-இல் இளம்பிள்ளை வாதத்தை ஒழிக்கும் பணியை மேற்கொண்டது. இந்தியாவில் அந்நோயின் இறுதி நிகழ்வு 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹௌராவில் பதிவாயிற்று. நாடு அந்நோயினின்று விடுபட்டதெனச் சான்றிதழ் கிட்டியது 2014-இல். இடைப்பட்ட ஆண்டுகளில் ஒவ்வொரு சங்கத்திலும் எத்தனை தலைவர்கள் மாறியிருப்பர்! தொடக்க ஆண்டுகளில் பொறுப்பேற்றவர்கள் தம் பதவிக் காலத்தில் முடிவைக் காணவில்லை. காணாமலே உழைத்தார்கள், அடுத்தவரிடம் ஒப்படைத்தார்கள்.

ஆகவே, நற்செயல் நிறைவு பெறுவது அதைச் செய்தவரின் நாட்குறிப்பில் அன்று. அதைப் பெற்றவரின் வாழ்வில்தான் என நாம் கருதுகிறோம். எட்டாம் நாள் காலையில் மேடை கலைக்கப்பட்டிருக்கும்; செய்தித்தாளில் படம் வந்திருக்கும். அன்றும் தலைவர் பெயர்ப் பட்டியலைக் கையில் எடுத்து, மறுபரிசோதனைக்கு வரவேண்டியவரின் ஊருக்குப் பேருந்து ஏறுவாராயின், அவர் தலைவர். ஆண்டு முடிவில் எஞ்சிய பெயர்களோடு அப்பட்டியலை அடுத்தவர் கையில் ஒப்படைப்பாராயின், அவர் தொண்டரும் ஆவார்.