செவியின் சாட்சியம்

‘காதாரக் கேட்டேன்’ என்று ஒருவர் சொல்லிவிட்டால் அதற்குமேல் வழக்காடுதல் நாகரிகமன்று என்பது நம்மிடையே நிலவும் எண்ணம். சொன்னவர் பொய்யுரையாதவர் என்பது தெரிந்திருக்குமாயின், அவர் கூற்றை ஐயுறுவது அவரையே ஐயுறுவதாக முடிகிறது. ஆனால், காண்பதும் பொய், கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்னும் பழமொழியும் நம்முடையதே. அப்பழமொழியை நாம் அடிக்கடி எடுத்தாள்கிறோம். அதன் இறுதிப் பகுதி கோருகின்ற உழைப்பை மட்டும் பெரும்பாலும் மேற்கொள்வதில்லை. நேர்மையாளர் ஒருவர் தமது புலனறிவைப் பற்றிக் கூறும் சாட்சியத்தை விசாரணைக்கு உட்படுத்தலாமா? உட்படுத்துவதாயின் எவ்வாறு? அவ்விசாரணை அவரை அவமதிப்பதாகுமா? இவை தருக்க நூலாருக்கு மட்டும் உரிய வினாக்களல்ல. மனிதர் ஒருவரோடொருவர் எவ்வாறு வாழ்தல் வேண்டும் என்பதைத் தொடும் அறவியல் வினாக்களுமாம்.

இவற்றை ஆராய்வதற்கு வாய்ப்பான ஓர் இடம் உண்டு. ஹெட்போன், அம்பிளிபயர், டிஜிட்டல் ஒலிப்பதிவு ஆகியவற்றின் தரத்தைப் பற்றி அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஜப்பானிலும், இன்று ஏனைய நாடுகளிலும், ஓயாது உரையாடும் இசைக்கருவி ஆர்வலர் கூட்டத்தினரின் உலகமே அது. புதிய அம்பிளிபயரை இணைத்ததும் ‘இசைக்கு முன்னால் தொங்கிய திரை விலகியது’ என்பார் ஒருவர். கேபிளை மாற்றியதும் ‘மேடை அகன்றது’ என்பார் மற்றொருவர். டிஜிட்டல் ஒலி குளிர்ந்தது, பழைய இசைத்தட்டின் ஒலி இளஞ்சூடானது என்பார் வேறொருவர். இவர்களுட் பெரும்பாலோர் பொய்யரல்லர், அறிவிலிகளுமல்லர். இசையிடத்து உண்மையான பற்றுடையோர். ஆகவேதான் இவர்களுடைய சாட்சியம் ஆராயத்தக்கதாகிறது. பொய்யன் கூறுவது பொய்யாக இருத்தலில் வியப்பில்லை. மெய்யன் கூறுவது எவ்வாறு பொய்க்கிறது என்பதே நாம் அறியவேண்டியது.

முதலில் டிஜிட்டல் ஒலியின் இயல்பைச் சிறிது நோக்குவோம். ஒலியலையை ஒரு செக்கனிற் பல்லாயிரம் தடவை அளந்து, அவ்வளவுகளை எண்களாகப் பதிந்து வைப்பதே டிஜிட்டல் முறை. சோனி, பிலிப்ஸ் ஆகிய கம்பனிகள் 1982இல் சந்தைக்குக் கொணர்ந்த இறுவட்டு, செக்கனுக்கு 44,100 தடவை, ஒவ்வொரு தடவையும் 16 இலக்கத் துவித எண்ணாக, ஒலியை அளந்து வைக்கிறது. மனிதச் செவி, இளமையில், ஏறத்தாழ 20 முதல் 20,000 ஹேட்ஸ் வரையுள்ள மீடிறன்களைக் கேட்க வல்லது. வயது ஏற ஏற அதன் மேலெல்லை இறங்குகிறது. ஓர் அலையில் அடங்கிய மிகவுயர்ந்த மீடிறனின் இருமடங்குக்கு மேற்பட்ட வீதத்தில் அளந்தால் அவ்வலையை முழுமையாக மீட்கலாம் என்பதை, 1928இல் நைக்விஸ்ட் வெளியிட்ட ஆய்வின் வழிநின்று, 1949இல் குளோட் ஷனன் கணிதமுறையில் நிறுவினார். எண்களாக வெட்டப்பட்ட ஒலி படிக்கட்டுப் போலக் கரடுமுரடாகவே வெளிவரும் என்னும் பரவலான நம்பிக்கைக்கு இத்தேற்றத்தில் இடமில்லை. மீளும் அலை வழுவழுப்பான அலையே. எனினும் செக்கனுக்கு 96,000 தடவை, 192,000 தடவை என அளந்த ‘உயர்தர’ப் பதிவுகள் இன்று கூடிய விலைக்கு விற்கப்படுகின்றன. அவற்றின் மேம்பாட்டைத் தம் செவி கேட்கிறது என்று பலர் சான்று பகர்கின்றனர்.

இச்சான்றினைத் தீர விசாரிப்பது எப்படி? வழி எளியது. ஒப்பிடப்படும் இரண்டு கருவிகளின் ஒலியளவையும் முதலிற் சமப்படுத்த வேண்டும். ஏனெனில் மிகச் சிறிதளவு உரத்து ஒலிப்பதைக்கூடச் செவி ‘உரப்பு’ என்று உணராது ‘தெளிவு’ என்றே உணர்கிறது. பின்னர் எது ஒலிக்கிறது என்பதை மறைத்துவிட்டுக் கேட்பவரைக் கண்டுபிடிக்கச் சொல்லவேண்டும். பல தடவை சொல்லச் செய்து எண்ணவேண்டும். கேட்பதற்குச் செவி மட்டுமே தேவையெனின், பெயரும் விலையும் மறைக்கப்படுவதால் இழப்பு யாதுமில்லையன்றோ?

நிகழ்ந்தது வேறு. 1985இல் பொப் காவர் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர், ஒலிக்கருவிச் சஞ்சிகையொன்றின் ஆசிரியர்கள் தெரிவு செய்த விலையுயர்ந்த அம்பிளிபயர் ஒன்றின் ஒலியைத் தம்முடைய மலிவான அம்பிளிபயரில் உண்டாக்கிக் காட்டுவதாகச் சூளுரைத்தார். இரண்டுக்கும் ஒரே சைகையைக் கொடுத்து, ஒன்றின் வெளியீட்டிலிருந்து மற்றதன் வெளியீட்டைக் கழித்து, எஞ்சுவது ஏறக்குறைய மௌனமாகும்வரை தம் கருவியைத் திருத்தினார். இரண்டையும் பிரித்தறிய முடியவில்லை என்பதை அவ்வாசிரியர்கள் ஒப்புக்கொண்டனர். 2007இல் மேயர், மொரன் என்னும் இருவர் பொஸ்ரன் நகரை மையமாகக் கொண்டு நடத்திய சோதனையில், உயர்தரப் பதிவுகளை அப்படியே ஒருமுறையும், இறுவட்டின் தரத்துக்குக் குறைத்து ஒருமுறையும் ஒலிக்கச் செய்தனர். 554 தடவை கேட்கப்பட்டதில் சரியாகச் சொல்லப்பட்டவை 276. நாணயத்தைச் சுண்டிப் பார்த்திருப்பினும் இதே விடை கிடைத்திருக்கும்.

நடுநிலை வழுவாது மறுபக்கத்தையும் கூறுதல் கடன். 2016இல் ஜோசுவா ரைஸ் என்னும் ஆய்வாளர் இத்தகைய 18 ஆய்வுகளை ஒருங்கு தொகுத்து நோக்கினார். பன்னீராயிரத்துக்கும் மேற்பட்ட தடவைகளில் 52.3 சதவீதம் சரியான விடைகள் எனக் கண்டார். பயிற்சி பெற்றோரிடையே இது மேலும் உயர்ந்தது. குருட்டு வாய்ப்பு 50 சதவீதத்தைத் தருமாதலின், வேறுபாடு அறவே இல்லை என்று சாதிப்பதும் மிகையே. ஆயின், ‘திரை விலகியது’, ‘இரவும் பகலும் போன்ற வேறுபாடு’ என்று பேசப்பட்டவற்றுக்கும் நூற்றுக்கு இரண்டரை கூடத் தேறாத இவ்வேறுபாட்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை எதைக்கொண்டு நிரப்புவது?

நம்பிக்கையே அதனை நிரப்புகிறது. 1994இல் புளொய்ட் டூல், ஷோன் ஒலிவ் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு இதனை நன்கு விளக்குகிறது. கேட்போர் ஒலிபெருக்கிகளைக் கண்ணாற் கண்டபோது ஒருவாறாகவும், திரைக்குப் பின்னால் வைத்துக் கேட்டபோது வேறொருவாறாகவும் மதிப்பிட்டனர். அதனினும் ஆழ்ந்த செய்தி ஒன்று உண்டு. ஒலிபெருக்கியின் இடத்தை அறையினுள் மாற்றியபோது ஒலியில் உண்மையாகவே ஏற்பட்ட மாற்றத்தை, திரைக்கு இப்பாலிருந்து கேட்டோர் உணர்ந்தனர். கருவியைக் கண்டு கேட்டோர் அவ்வளவுக்கு உணரவில்லை. முன்முடிவு இல்லாததைக் கேட்கச் செய்வதோடு நில்லாது, உள்ளதைக் கேளாமலும் செய்துவிடுகிறது. நமது அளவை நூலார் காட்சியை முதலளவையாகக் கொண்டபோதும், ஐயக்காட்சி, திரிவுக்காட்சி என அதன் குற்றங்களையும் உடன் எண்ணிவைத்தது இதனாலேயே போலும்.

இந்நூற்றாண்டில் நிகழ்ந்த ஒரு செய்தி இவ்வழக்கை ஏறத்தாழ முடித்தே வைத்தது எனலாம். மொபைல் ஃபிடெலிட்டி என்னும் அமெரிக்கக் கம்பனி, மூல ஒலிநாடாவிலிருந்து எடுக்கப்படும் உயர்ந்த இசைத்தட்டுகளுக்குப் பெயர்பெற்றது. டிஜிட்டலின் நிழலும் படாத தூய ஒலி என்று கருதியே ஆர்வலர் அவற்றைப் பெருவிலை கொடுத்து வாங்கினர். 2022இல் மைக்கல் ஜாக்சனின் ‘த்ரில்லர்’ இசைத்தட்டை 40,000 பிரதிகள், ஒன்று 125 டொலர் என அக்கம்பனி அறிவித்தது. அத்தனை பிரதிகளுக்கு மூலநாடாவை எத்தனை தடவை ஓட்டவேண்டியிருக்கும் என்ற ஐயம் எழுந்தது. அவ்வாண்டு ஜூலை மாதத்தில் உண்மை வெளிப்பட்டது. 2011 முதலே அக்கம்பனியின் வெளியீடுகள் பலவற்றில் இடையே ஒரு டிஜிட்டற் படி இருந்துவந்திருக்கிறது. வழக்குகள் எழுந்தன, 25 மில்லியன் டொலர் அளவிலான இணக்கத் திட்டம் 2023இல் எட்டப்பட்டது. டிஜிட்டலின் ‘குளிரை’ நொடியிற் கண்டுகொள்வதாகக் கூறிய செவிகள் பதினோராண்டுகள் அதனைக் கேட்டு, அனலொக்கின் ‘இளஞ்சூடு’ என்று புகழ்ந்திருந்தன. கம்பனி மறைத்தது குற்றமே. ஆனால் மறைப்பை வெளிக்கொணர்ந்தது எந்தச் செவியுமன்று. பிரதிகளின் தொகையைக் கணக்கிட்ட மூளையே.

இனி, அறவியல் வினாவுக்கு வருவோம். ‘அவருடைய பணம், அவருடைய இன்பம், நம்பிக்கையாற் பிறந்ததாயினும் இன்பம் இன்பமே, அதனை ஏன் குலைக்கவேண்டும்?’ என்று கேட்கப்படுகிறது. இது புறக்கணிக்கத்தக்க கேள்வியன்று. விலையுயர்ந்த கருவியின் முன்னமர்ந்து இசையில் உருகுகிறவரின் கண்ணீர் போலிக் கண்ணீராகாது. ‘எனக்கு இது இனிக்கிறது’ என்று அவர் கூறும்வரை அவரோடு வழக்காட எவருக்கும் உரிமையில்லை. ஆனால் ‘இக்கருவி அதனினும் சிறந்தது’ என்று அவர் கூறும் அக்கணத்திலே, தமது உள்ளத்தைப் பற்றிய பேச்சை விடுத்து, எல்லோருக்கும் பொதுவான உலகத்தைப் பற்றிய பேச்சைத் தொடங்கிவிடுகிறார். பொதுவுலகைப் பற்றிய கூற்று பொதுச் சோதனைக்குக் கடன்பட்டது. அக்கடனை மறுப்பவர், தமது இன்பத்தைக் காப்பதாகச் சொல்லிக்கொண்டு, அயலவரின் பணத்துக்கும் வழிகாட்டுகிறார்.

அது மட்டுமன்று. வேறுபாட்டைக் கேட்க முடியவில்லை என்று ஒருவர் ஒப்புக்கொண்டால், ‘உன் செவி பயிலவில்லை’ அல்லது ‘உன் கருவி போதாது’ என்பதே இவ்வுலகில் வழமையான மறுமொழி. இங்கேதான் விடயம் விளையாட்டாக இல்லாமற் போகிறது. பணம் கொடுத்து வாங்கியது உயர்ந்த செவியாகிறது; வாங்க இயலாதவனின் செவி தாழ்ந்த செவியாகிறது. பணப்பையின் கனம் இரசனையின் நுண்மை என்ற பெயரில் உலா வருகிறது. 2017இல் ஜெரோன் பிரேபார்ட் என்பவர் 283 ஹெட்போன்களை அளந்து, அவற்றின் மீடிறன் துலங்கலுக்கும் விலைக்கும் தொடர்பில்லை என்று காட்டினார். பண்டம் மனித உழைப்பாற் பிறந்ததாயினும், தனக்கென ஒரு மாயசக்தி உடையதுபோலத் தோன்றும் மயக்கத்தை, 1867இல் வெளிவந்த ‘மூலதனம்’ முதற் பாகத்தில் மார்க்ஸ் விளக்கினார். அம்மயக்கம் செவிக்குள்ளேயே புகுந்து குடியிருப்பதை இன்று காண்கிறோம். பாடகியின் பல்லாண்டுச் சாதகமும், வாத்தியக்காரனின் விரலும், ஒலிவாங்கியை எங்கே வைப்பதென்றறிந்த ஒலிப்பதிவாளனின் தேர்ச்சியும் பின்தள்ளப்பட, இரண்டு முழக் கேபிளுக்குப் புகழ் சேர்கிறது.

இவ்வாறு கூறுவதனால், அளவுகோலைக் கையிலேந்திப் பிறரை எள்ளி நகையாடும் கூட்டத்தாரை நாம் ஆதரிப்பதாகக் கொள்ளற்க. ஹெட்போனுக்கு ஹெட்போன், ஒலிபெருக்கிக்கு ஒலிபெருக்கி, ஒலியில் மெய்யான வேறுபாடு உண்டு. மறைத்து வைத்துக் கேட்டாலும் அது புலனாகிறது. இருக்கும் வேறுபாட்டை மறுப்பது விஞ்ஞானமாகாது. மேலும், எது ஒலிக்கிறது என்பதை அளவுகோல் சொல்லும். எதனை நேசிப்பது என்பதை அது சொல்லாது. சாட்சியை விசாரிப்பவன் சாட்சியை இழிவுசெய்ய உரிமை பெற்றவனல்லன். விசாரணையின் நோக்கம் உண்மையேயன்றி வெற்றியன்று.

செல்வர்களின் பொழுதுபோக்கு ஒன்றைப் பற்றி இத்தனை பேச்சு எதற்கு என்று வாசகர் கேட்கலாம். பெயரை மறைத்துச் சோதிக்கும் இதே முறையாலேதான் மருந்துகளும் சோதிக்கப்படுகின்றன. ‘அருந்தினேன், குணமானேன்’ என்னும் சாட்சியமும் ‘கேட்டேன், தெளிந்தது’ என்னும் சாட்சியமும் ஒரே குலத்தைச் சேர்ந்தவை. 2020 டிசம்பரில், கொவிட் நோயைத் தடுக்கும் என்று கூறப்பட்ட ஒரு பாணியைப் பெறுவதற்காக நம் நாட்டின் கேகாலை மாவட்டத்தில் ஆயிரக்கணக்கானோர் நெருக்கியடித்து நின்றனர். தொற்றைத் தடுக்கவென வந்த கூட்டமே தொற்றுக்கு வழியாகக்கூடிய கூட்டமாயிற்று. அங்கு நின்ற ஏழைகளை ஏளனம் செய்ய எவருக்கும் தகுதியில்லை. அச்சம் அவர்களை அங்கு கொணர்ந்தது. விசாரிக்கவேண்டிய பொறுப்பிலிருந்தோர் விசாரியாது வாளாவிருந்தனர். கேபிள் வாங்கி ஏமாந்தவர் இழப்பது பணத்தை. மருந்தில் ஏமாந்தவர் இழப்பது உயிரை. இரண்டிலும் மனம் தவறும் முறை ஒன்றே.

ஆதலின் நேர்மை என்னும் சொல்லின் பொருளை நாம் சற்று விரித்துக்கொள்ள வேண்டும். நம்புவதையே சொல்லுதல் நேர்மையின் முதற்படி. நம்புவது பிழையாக இருக்கக்கூடும் என்பதை ஏற்று, பெயரும் விலையும் மறைக்கப்பட்ட சோதனையின் முன் தன் செவியைத் தானே நிறுத்துதல் அடுத்த படி. முதற்படியிலே நின்றுவிடும் நல்லவர்களாலேயே பொய்கள் பெரும்பாலும் பரவுகின்றன. ஏனெனில் தீயவர்களின் சொல்லை எவரும் எளிதில் நம்புவதில்லை. சோதனைக்கு உட்படுவது தன்மானத்துக்கு இழுக்கென்று கருதும் மனப்பாங்கு மாறவேண்டும். ‘என்னால் வேறுபாட்டைக் கேட்க முடியவில்லை’ என்று வெட்கமின்றிச் சொல்லவும், சொன்னவரை எவரும் தாழ்த்தாதிருக்கவும் கூடிய ஒரு சூழல், இசையரங்கிலும் வகுப்பறையிலும் வைத்தியசாலையிலும் உருவாகவேண்டும். அச்சூழலிற்றான் செல்வனின் செவியும் வறியவனின் செவியும் ஒரே வரிசையில் அமர்ந்து பாட்டைக் கேட்கும்.