பிள்ளை என்றால் முழுப் பிள்ளை

பழவேற்காடு ஏரியில் வலை கட்டும் இடத்துக்கும், அதைப் பகிரும் முறைக்கும் பாடு என்றே பெயர். கோட்டைக்குப்பம், ஆண்டிகுப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களின் மீனவர்கள் இறால் பிடிக்கும் இடங்களைச் சீட்டுக் குலுக்கி, முறை வைத்துப் பகிர்ந்துகொள்கிறார்கள். நல்ல இடம் யாருக்கும் நிரந்தரமில்லை. மோசமான இடமும் யார் தலையிலும் நிரந்தரமாக விழுவதில்லை. பேராசைக்குக் கடிவாளம் போடும் இந்த ஏற்பாடு போற்றத்தக்கது. ஆனால் குலுக்கலில் பெயர் இடம்பெற ஒருவர் பட்டினவர் குலத்தில் பிறந்திருக்க வேண்டும். மணமுடித்துத் தலைக்கட்டாக ஆகியிருக்க வேண்டும். அதே நீரில் இடுப்பளவு இறங்கி இறாலைக் கையால் தடவிப் பிடிக்கும் இருளர்களுக்கு அந்தச் சீட்டில் இடமில்லை.

ஒரே ஏற்பாட்டுக்குள் இரண்டு வகை விதிகள் இருக்கின்றன. பிள்ளைகள் தமக்குள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்வது ஒன்று. யார் பிள்ளை, யார் பிள்ளை இல்லை என்று தீர்மானிப்பது மற்றொன்று. கிறிஸ்தவம் தொடங்கிய நாளிலிருந்து ஓயாமல் நடந்துவரும் ஒரு வழக்கின் முடிச்சும் இங்கேதான் இருக்கிறது: கிருபையால் கடவுளின் பிள்ளையாக ஏற்கப்பட்டவர், சமயச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு வாழ வேண்டுமா?

முதல் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கலாத்தியச் சபைகளில் இந்தக் கேள்வி வெடித்தது. யூதரல்லாத மக்கள் இயேசுவை நம்பிச் சபைக்கு வந்தார்கள். நம்பிக்கை மட்டும் போதாது, யூதச் சட்டப்படி விருத்தசேதனமும் செய்துகொள்ள வேண்டும் என்று சிலர் வலியுறுத்தினார்கள். அப்போஸ்தலர் பவுல் கொதித்தெழுந்தார். அவர் கையாண்ட வாதம் ரோமாபுரியின் குடும்பச் சட்டத்தை அறிந்தவர்களுக்கு உடனே விளங்கக்கூடியது. அந்தச் சட்டத்தின்படி சுவிகாரம் எடுக்கப்பட்டவனுக்குப் பழைய குடும்பத்தோடு இருந்த சட்டப் பிணைப்பு அறுந்துபோகும்; புதிய தந்தையின் சொத்தில் அவன் முழு வாரிசு. பெற்ற பிள்ளைக்கு ஒரு பங்கு, ஏற்ற பிள்ளைக்கு அரைப் பங்கு என்ற கணக்கு கிடையாது. கடவுளின் வீட்டில் மட்டும் அரைப் பிள்ளைகள் எப்படி இருக்க முடியும் என்பதே பவுலின் கேள்வி.

விருத்தசேதனம் கேட்டவர்களைக் கொடியவர்களாகச் சித்திரிப்பது நேர்மையல்ல. யூதச் சட்டத்தைக் காக்க அவர்களின் முன்னோர் உயிரைக் கொடுத்திருந்தார்கள். கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் அந்தியோகஸ் மன்னன் அதைத் தடைசெய்தபோது, தம் குழந்தைகளுக்கு விருத்தசேதனம் செய்த தாய்மார்கள் கொல்லப்பட்டார்கள். மேலும், யூத வேதத்தின் வரிசையிலேயே எகிப்திலிருந்து விடுதலை முதலில் வருகிறது. சீனாய் மலையில் சட்டம் பிறகுதான் வருகிறது. விடுவிக்கப்பட்ட மக்களுக்குக் கிடைத்த கொடை அது. விடுதலைக்குக் கேட்கப்பட்ட விலை அல்ல. சிக்கல் சட்டம் இருந்ததில் இல்லை. அது வாசலில் வசூலிக்கும் கட்டணமாக மாறியதில் இருந்தது.

அந்தியோகியாவில் நடந்தது இதை இன்னும் கூர்மையாக்குகிறது. யூதரல்லாதவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் பந்தியிலிருந்து விலகினார். பவுல் எல்லோர் முன்னிலையிலும் அவரை எதிர்த்தார். பேதுரு எந்தக் கோட்பாட்டையும் மறுக்கவில்லை; எழுந்துபோனார், அவ்வளவுதான். ஆனால் பிள்ளை என்ற நிலை பந்தியில் தெரியாவிட்டால் அது எங்குமே இல்லை என்று பவுல் கண்டுகொண்டார். சாதி பார்த்துப் பந்தி பிரித்த தமிழ்நாட்டில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

ஆக, விடுதலையைக் கெடுக்கும் முதல் வழி, சட்டத்தை வாசல் கட்டணமாக்குவது. இதற்குத் தமிழ்க் கடற்கரையிலேயே சான்று உண்டு. 1530களில் முத்துக்குளித்துறைப் பரதவர்கள் போர்த்துகீசியரின் பாதுகாப்பை நாடித் திருமுழுக்குப் பெற்றார்கள். 1542இல் அங்கே வந்த பிரான்சிஸ் சவேரியார் அவர்களை உண்மையாகவே நேசித்தார். வடுகர் படைகளின் தாக்குதலில் அவர்கள் சிதறியபோது உதவிக்கு ஓடினார். ஆனால் 1544இல் தம் தோழர் மன்சிலாசுக்கு அவர் எழுதிய கடிதங்களில் சாராயம் குடிக்கும் பெண்களுக்கு அபராதமும் காவலும் விதிக்கும் உத்தரவுகளும் இருக்கின்றன. அன்பின் பெயரால் வந்த சமயம், காவலாளியின் கையிலும் ஒரு கோலைக் கொடுத்தது. அபராதத்துக்குப் பயந்து குடிக்காமலிருப்பவள் ஒழுங்கானவளாக இருக்கலாம். தான் பிள்ளை என்ற உறுதி அவளுக்கு அதனால் வந்துவிடாது.

இரண்டாவது வழி இதைவிடக் கொடியது. பார்வைக்கு அது விடுதலைபோலவே இருக்கும். அதன் கதை பழவேற்காட்டிலேயே நடந்தது.

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1613இல் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டியது. 1690இல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரையில் அவர்களின் தலைமையிடம் இதுதான். துணி மட்டுமா இங்கிருந்து ஏற்றுமதியானது? போரும் பஞ்சமும் வந்த ஆண்டுகளில் மனிதர்களும் ஏற்றப்பட்டார்கள். சோற்றுக்கு வழியற்றவர்கள் தம்மையும் தம் பிள்ளைகளையும் விற்றார்கள்; தரகர்கள் பலரைக் கடத்தியும் வந்தார்கள். பதினேழாம் நூற்றாண்டில் ஆயிரக்கணக்கானோர் இந்தக் கரையிலிருந்து கம்பெனியின் ஆசியத் தலைமையிடமான பத்தாவியாவுக்கு அடிமைகளாக அனுப்பப்பட்டார்கள்.

வாங்கியவர்கள், கிருபையால் மட்டுமே மீட்பு என்ற சீர்திருத்தச் சபையினர். அவர்களின் போதகரான ஆபிரகாம் ரொகேரியஸ் 1632 முதல் 1642 வரை பழவேற்காட்டில் ஊழியம் செய்தார். பத்மநாபன் என்ற பிராமணரிடம் கேட்டறிந்து, இந்நாட்டுச் சமய ஒழுங்குகளைப் பொறுமையாக விவரித்து அவர் எழுதிய நூல், அவர் இறந்தபின் 1651இல் வெளியானது. அடுத்தவரின் சமயச் சட்டத்தை இவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கத் தெரிந்த ஒரு சமுதாயம், தன் துறைமுகத்தில் ஏற்றப்படும் மனிதரைப் பார்த்து என்ன சொல்லியிருக்க வேண்டும்?

அந்தக் கேள்வி அவர்களுக்குத் தெரியாத ஒன்றல்ல. 1618-19இல் நெதர்லாந்தின் டோர்ட் நகரில் கூடிய சீர்திருத்தச் சபைப் பேரவையின் முன் கிழக்கிந்தியாவிலிருந்தே அது வந்திருந்தது: கிறிஸ்தவ வீடுகளில் சேர்க்கப்பட்ட புறச்சமயத்தாரின் குழந்தைகளுக்குத் திருமுழுக்குக் கொடுக்கலாமா? வேதபோதனை பெற்று, தாமே விசுவாசத்தை அறிக்கையிடும்வரை கொடுக்கக் கூடாது என்று பேரவை முடிவு செய்தது. அந்த விவாதத்தில் ஜெனிவாவின் இறையியலாளர் தியோதாத்தி, திருமுழுக்குப் பெற்ற அடிமைகள் மற்றக் கிறிஸ்தவர்களுக்குச் சமமான சுதந்திர உரிமையைப் பெற வேண்டும் என்று கருத்துச் சொன்னார். பிள்ளை என்று பெயர் சூட்டிவிட்டால் பிள்ளைக்குரியதைக் கொடுக்க வேண்டும் என்ற எளிய நியாயம் அது. அந்த நியாயம் நடைமுறைச் சட்டமாகவில்லை. பின்னாளில், 1770இல், கிறிஸ்தவ அடிமைகளை விற்கக் கூடாதென்று பத்தாவியா ஆணையிட்டபோது, அதே கம்பெனியின் ஆட்சியிலிருந்த நன்னம்பிக்கை முனையில் எசமானர்கள் அடிமைகளுக்குத் திருமுழுக்குக் கொடுப்பதையே தவிர்த்தார்கள் என்பது வரலாறு.

இந்த மனப்போக்கு ஓர் ஆய்வுரையாகவும் எழுதப்பட்டது. எழுதியவர் யாகோபுஸ் கப்பித்தேன். இன்றைய கானாவில் சிறுவனாக விற்கப்பட்டு, ஆலந்துக்கு வந்தவர். கிறிஸ்தவ சுதந்திரம் ஆன்மாவுக்குரியது, ஆகவே அடிமைத்தனம் அதற்கு முரணல்ல என்று அவர் 1742இல் லெய்டன் பல்கலைக்கழகத்தில் வாதிட்டார். விற்கப்பட்ட மனிதரின் வாயாலேயே இதைச் சொல்லவைத்த ஏற்பாட்டின் கொடுமையை எண்ணினால் மனம் பதறுகிறது. சுதந்திரத்தை உள்ளத்துக்குள் வைத்துப் பூட்டிவிட்டால், உடலை யாரும் விற்கலாம். கிருபையின்மீது ஒரு கீறலும் விழாது என்று நம்பலாம். பவுல் அப்படிப் பூட்டவில்லை. அடிமையான ஒநேசிமுவை அவனுடைய எசமானர் பிலேமோனிடம் திருப்பி அனுப்பியபோது, அடிமையாக அல்ல, சகோதரனாக ஏற்றுக்கொள்ளும்படி கேட்டார். அடிமை முறையை ஒழிக்கச் சொல்லும் அளவுக்கு அவர் போகவில்லை என்பது உண்மை. ஆனால் சகோதரனை விலை பேச முடியாது என்ற நெருக்கடிக்குள் அந்த எசமானரைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

விடுதலையின் பெயரால் மதில் எழுப்பிய மூன்றாவது நிகழ்ச்சியும் உண்டு. 1833இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன், தென்னிந்தியச் சபைகளில் சாதி வேறுபாட்டை உடனே கைவிட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் உயர்சாதிக் கிறிஸ்தவர் பலர் சபையை விட்டு விலகினார்கள். சாதி சமயம் சார்ந்ததல்ல, சமுதாய வழக்கம்; அதைக் கடைப்பிடிக்கும் உரிமையில் ஆயர் தலையிடுவது கொடுமை என்பது அவர்களின் வாதம். இதை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட முடியாது. அந்நிய அதிகாரியின் ஆணையால் அன்பு பிறக்குமா? பிறக்காது. ஆனால் அங்கே கேட்கப்பட்டது அன்பு அல்ல, இடம். ஒரே பாயில், ஒரே கிண்ணத்தில் இடம். தள்ளிவைக்கப்பட்டவருக்கு இடம் திறக்கும் ஆணை, பிள்ளைகள்மீது சுமத்தப்பட்ட நுகம் ஆகாது. சிலர் தாமாகவே எழுப்பிக்கொண்ட வாசல் கட்டணத்தை அது நீக்குகிறது. ஆணை மட்டும் போதாது என்பதற்குத் திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறிஸ்தவர்களைப் பிரித்து எழுப்பப்பட்ட சுவரே சாட்சி. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, கிறிஸ்தவரான தலித்துக்குப் பட்டியல் சாதி உரிமையை மறுக்கிறது. சபையோ அவருடைய சாதியைக் கல்லறைவரை நினைவில் வைத்திருக்கிறது.

அப்படியானால் சட்டமே வேண்டாமா? கட்டுப்பாடு போய்விட்டால் மனிதர் மனம்போல் போவார்கள் என்ற அச்சம் நியாயமானது. பவுலின் காலத்திலேயே அது எழுந்தது. அவர் சட்டத்தைச் சிறுவனைப் பள்ளிக்கு அழைத்துச் செல்லும் கண்காணிக்கு ஒப்பிட்டார். வளர்ந்த மகனுக்குக் கண்காணி தேவையில்லை. ஆனால் கண்காணி சுட்டிக்காட்டிய நல்ல வழி அதனால் தீய வழியாகிவிடாது. பயந்து நடந்தவன் இப்போது விரும்பி நடக்கிறான்.

எனவே ஒவ்வொரு விதியையும் ஒரே கேள்வியால் சோதிக்கலாம்: இது பிள்ளைகளுக்குள் பலவீனரைக் காக்கிறதா, அல்லது யார் பிள்ளை என்று தேர்வு வைக்கிறதா? கன்னியாகுமரிக் கடற்கரையின் கத்தோலிக்க ஊர்கள் பலவற்றில் ஞாயிற்றுக்கிழமை யாரும் கடலுக்குப் போவதில்லை. கூலிக்குப் போகும் மீனவனுக்கு அந்த விதி ஒருநாள் ஓய்வை உறுதிசெய்கிறது. முதலாளி அவனை வற்புறுத்த முடியாது. அந்த அளவில் அது சகோதர அன்பின் ஏற்பாடு. பசியால் போய்விட்ட ஒருவனை அதே விதியைக் காட்டி ஊர்விலக்கம் செய்து, அவன் பிள்ளையின் ஞானஸ்நானத்துக்கும் வீட்டுச் சாவுக்கும் வர மறுத்தால், அந்தக் கணமே அது விருத்தசேதனமாகிவிடுகிறது.

பழவேற்காட்டின் பாடு முறைக்கும் அதே சோதனைதான். சீட்டுக் குலுக்கி முறை வைக்கும் விதி காக்கப்பட வேண்டியது. முகத்துவாரம் தூர்ந்து, மீன்வளம் குறைந்து, பங்கிட இருப்பதே சுருங்கிவரும் ஏரியில் அது இல்லாவிட்டால் வலியவன் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்வான். புதிதாகப் பலரைச் சேர்த்தால் இருப்பவர்களின் பங்கு குறையும் என்ற கவலையும் பொய்யல்ல. வறியவனை வறியவனுக்கு எதிராக நிறுத்திவிட்டு அறம் பேசுவது எளிது. ஆனால் பங்கு சிறிது என்ற காரணத்தால் பசித்தவனைக் கணக்கிலேயே சேர்க்காமல் விடுவது அறமாகாது. யாருக்கு எவ்வளவு என்பதை அறிவோடும் பொறுமையோடும் பேசித் தீர்க்கலாம். ஒருவர் பிறந்த குலத்தைக் காட்டி அந்தப் பேச்சுக்கே வரவிடாமல் தடுப்பதற்கு நியாயம் இல்லை.

ஏரியின் உரிமைகளைத் திருத்தும் அதிகாரம் திருச்சபைக்கு இல்லை. அது ஊர்களும் அரசும் செய்ய வேண்டியது. ஆனால் தன் சுவர்களுக்குள் திருச்சபைக்கு முழு அதிகாரம் உண்டு. கல்லறையில் யாருக்கு எங்கே இடம், திருவிழாவில் தேரை யார் சுமப்பது, சபைக் குழுவில் யார் உட்காருவது, யார் வீட்டுத் திருமணத்துக்கு யார் வந்து சாப்பிடுவது என்பவற்றை முடிவு செய்வது அதன் கையில் இருக்கிறது. கடவுள் யாரையும் அரைப் பிள்ளையாக ஏற்பதில்லை என்று ஞாயிறுதோறும் அறிக்கையிடும் சபை, இவற்றில் ஒன்றில் ஒருவரை அரைப் பிள்ளையாக நடத்தினாலும் தன் அறிக்கையைத் தானே மறுக்கிறது. சட்டத்திலிருந்து விடுதலை பெற்றோம் என்று சொல்ல, முன்பு தள்ளிவைத்தவரின் அருகில் போய் உட்காரத் துணிந்தவர்களுக்கே உரிமை உண்டு.