கற்றுக்கொண்ட மனரம்மியம்

தியான வேதபகுதி: பிலிப்பியர் 4:10–20, அப்போஸ்தலர் 16:19–40

அப்போஸ்தலனாகிய பவுல் பிலிப்பி சபைக்கு எழுதிய நிருபத்தின் கடைசிப் பகுதி ஒரு நன்றிக் கடிதமாகும். காவலில் இருந்த பவுலுக்குச் சபையார் காணிக்கை சேர்த்து அனுப்பினார்கள். அதைக் கொண்டுவந்த எப்பாப்பிரோதீத்து மரணத்திற்குச் சமீபமாய் வியாதிப்பட்டான் என்பதையும் அதே நிருபத்தின் இரண்டாம் அதிகாரம் கூறுகிறது. அந்தக் காணிக்கைக்கு நன்றி செலுத்தும் இடத்தில்தான் பவுல் தமது மனரம்மியத்தைக் குறித்து எழுதுகிறார். வாழ்ந்திருப்பதும் தாழ்ந்திருப்பதும், உண்டு நிறைவதும் பசியோடு படுப்பதும் அவருக்குப் பழகிப்போயின. எந்த நிலையிலும் மனம் நிறைந்திருக்க அவர் கற்றுக்கொண்டார்.

"கற்றுக்கொண்டேன்" என்ற அந்தச் சொல்லைப் பலர் கவனியாமல் கடந்துவிடுகிறார்கள். மனரம்மியம் பவுலுக்குப் பிறவிக் குணமாக வாய்க்கவில்லை. இரட்சிக்கப்பட்ட அன்றே வானத்திலிருந்து இறங்கிவிடவும் இல்லை. அவர் பயன்படுத்திய கிரேக்கச் சொல் ஸ்தோயிக்க ஞானிகளுக்கு மிகவும் பிரியமான சொல்லாயிருந்தது. எவர் துணையும் வேண்டாமல், எதற்கும் கலங்காமல் தன்னில் தானே நிறைந்திருப்பதை அவர்கள் அச்சொல்லால் குறித்தார்கள். பவுல் அச்சொல்லை எடுத்து அதன் உள்ளே கிறிஸ்துவை வைத்துவிட்டார். பெலன் தருகிறவர் ஒருவர் உண்டென்று இரண்டு வசனங்களுக்குள் சொல்லி, அதற்கும் அடுத்த வசனத்தில், தமது உபத்திரவத்தில் பங்குபெற்ற பிலிப்பியரைப் பாராட்டுகிறார். எதுவும் வேண்டாம் என்று கதவை அடைக்கும் துறவு மனம் அவரிடத்தில் இல்லை. உதவியை அவர் கைநீட்டி வாங்குகிறார். வாங்கியதை மறையாமல் எழுதிவைக்கிறார்.

இத்தகைய மனரம்மியத்தைக் கற்கும் பள்ளி எப்படிப்பட்டது என்பதை அறியத் தமிழ் விசுவாசிகள் ரோமாபுரி மட்டும் போகவேண்டியதில்லை. கேரள மாநிலம் இடுக்கி மாவட்டத்தில், குட்டிக்கானத்திலிருந்து கட்டப்பனைக்குச் செல்லும் சாலையில் ஏலப்பாறை என்னும் மலையூர் உள்ளது. பீருமேடு வட்டத்தைச் சேர்ந்த இவ்வூரைச் சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள். மலையாளமும் தமிழும் கலந்து ஒலிக்கும் கடைவீதி. சரிவுகளில் வரிசை வரிசையாய் லயங்கள். திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் சீமைகளிலிருந்து கங்காணிகள் அழைத்துவந்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகளும் கொள்ளுப் பேரப்பிள்ளைகளும் இங்கே வாழ்கிறார்கள். தங்களோடு அவர்கள் கொண்டுவந்தவை கொஞ்சமே. தமிழ் வேதாகமமும் ஞானப்பாட்டும் அவற்றுள் இருந்தன.

இந்த மலைக்கு இழப்பு புதிதன்று. 1860-களில் ஐரோப்பியர் காடழித்துப் பயிரிட்டது காப்பியை. இலைத்துரு நோய் பரவி அந்தக் காப்பி அழிந்தது. பின்பே தேயிலை வந்தது. தலைமுறைகள் சென்றன. சோவியத் ஒன்றியம் 1991இல் கலைந்தபோது இந்தியத் தேயிலை தன் பெரிய சந்தைகளில் ஒன்றை இழந்தது. 1990-களின் இறுதியில் விலை சரிந்தது. 2000ஆம் ஆண்டு தொடங்கிப் பீருமேட்டுத் தோட்டங்கள் பலவற்றை நிர்வாகத்தினர் கைவிட்டுச் சென்றனர். 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டப்படி வீடும் மருத்துவமும் நிர்வாகத்தின் பொறுப்பில் இருந்தமையால், வேலை நின்ற நாளில் கூலி மட்டும் நிற்கவில்லை. மருத்துவமனையும், லயத்தின் கூரையைப் பழுதுபார்க்கும் கையும் கூடவே நின்றுபோயின. சம்பள பாக்கியும் சேமநிதியும் பணிக்கொடையும் வராமல் முதியோர் காத்திருந்தார்கள். ஆண்கள் வேலை தேடி வெளியூர்களுக்குச் சென்றார்கள். வாலிபப் பெண்பிள்ளைகள் பலர் தமிழ்நாட்டு ஆலைகளுக்குச் சென்றார்கள். எஞ்சியவர்கள் கைவிடப்பட்ட தேயிலைச் செடிகளைத் தங்களுக்குள் பங்கிட்டு, கொழுந்து பறித்து, வந்த விலைக்கு விற்றுப் பிழைத்தார்கள். இந்த மலைகளில் வளர்ந்த மானிடவியலாளர் ஜெயசீலன் ராஜ் இவ்வாண்டுகளைக் குறித்து 2022இல் ஒரு நூலே வெளியிட்டார்.

அத்திமரம் பூக்காத, தொழுவத்தில் மந்தை இல்லாத ஒரு காலத்தைக் கண்முன் வைத்துக்கொண்டு ஆபகூக் தீர்க்கன் களிகூர்ந்தார். பிரசங்கிகள் அவருடைய மூன்றாம் அதிகாரத்தின் முடிவை எடுத்துப் பேச விரும்புகிறார்கள். அந்தப் புத்தகம் முறையீட்டோடு தொடங்குகிறது என்பதையும் சேர்த்துப் பேசினால் நலமாயிருக்கும். கொடுமையைக் கண்டு, எதுவரைக்கும் என்று கர்த்தரிடத்திலேயே வழக்காடினவர்தாம் பின்பு களிகூர்ந்தார். காப்பி போய்த் தேயிலையும் கைவிட்ட மலையில் வாசிக்கும்போது அந்த அதிகாரத்தின் ஒவ்வொரு இழப்புக்கும் ஒரு வீட்டு எண் இருக்கிறது.

சபைகளில் சாட்சி வேளை என்று ஒன்று உண்டு. வேலை கிடைத்தவர் எழுந்து நிற்கிறார்; வீடு கட்டியவர், வெளிநாட்டு விசா பெற்றவர் எழுந்து நிற்கிறார்கள். கர்த்தருக்கு ஸ்தோத்திரம் உண்டாகிறது, அது தகும். ஆனால் நான்கு ஆண்டுகளாய்ப் பணிக்கொடை வராத ஒரு மூதாட்டி எழுந்து, இன்று காலை அடுப்பு எரிந்தது, ஸ்தோத்திரம் என்று சொன்னால் அதை எந்தக் கணக்கில் எழுதுவது என்று பல சபைகளுக்குத் தெரிவதில்லை. ஆசீர்வாதத்தை வரவு என்று மட்டும் போதித்த பிரசங்கங்களின் பலன் இது. வனாந்தரத்தில் இஸ்ரவேலர் பெற்ற மன்னா அன்றன்றைக்குரியதாயிருந்தது. மிகுதியாய்ச் சேர்த்தவனுக்கு மிஞ்சவில்லை, கொஞ்சமாய்ச் சேர்த்தவனுக்குக் குறையவில்லை. மறுநாளைக்கு வைத்தது புழுத்துப்போயிற்று. அன்றாடம் பறித்த கொழுந்தின் எடைக்கே பிழைக்கும் ஒரு குடும்பம் யாத்திராகமம் பதினாறாம் அதிகாரத்தை விளக்கவுரை இல்லாமலே புரிந்துகொள்ளும். நாளைக்கான உறுதி இல்லாத இடத்தில் இன்றைக்கு வந்ததைத் தேவன் தந்ததென்று கண்டு பெயர்சொல்லி நன்றி செலுத்துவதே மனரம்மியத்தின் முதற்பாடம்.

இங்கே ஒரு ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். ஏழைகளுக்கு நன்றியுணர்வைப் போதிப்பது எளிது. கடன்பட்டிருக்கிறவர்களுக்கு அது மிக வசதியான போதனையுமாகும். இருப்பது போதும் என்றிரு, கேளாதே என்று சொல்லும் வாய் சில வேளைகளில் பிரசங்க பீடத்திலிருந்தும் பேசியதுண்டு. தோட்டத் தொழிலாளர் அனைவருக்கும் கிராஜுவிட்டி என்ற சொல் தெரியும். நன்றியைக் குறிக்கும் இலத்தீன் வேரிலிருந்து வந்த சொல் அது. ஒருவர் உழைத்த ஆண்டுகளுக்கு முதலாளி காட்டும் நன்றியாகத் தொடங்கிய அந்தத் தொகையை 1972ஆம் ஆண்டுச் சட்டம் தொழிலாளியின் உரிமையாக்கிற்று. ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து பணிசெய்தவருக்கு, ஆண்டொன்றுக்குப் பதினைந்து நாள் கூலி வீதம் சேரவேண்டியது அது. கொழுந்து பறித்தவள் தேவனுக்கு நன்றி செலுத்திவிட்டாள். அவளுக்குச் சேரவேண்டிய நன்றியோ நிலுவையில் நின்றது. அறுத்தவர்களின் பிடிக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது என்றும், அது சேனைகளுடைய கர்த்தரின் செவிக்கு எட்டியிருக்கிறது என்றும் யாக்கோபு தமது ஐந்தாம் அதிகாரத்தில் எழுதுகிறார். அந்தக் கூக்குரலைத் தேவன் முறுமுறுப்பு என்று தள்ளவில்லை.

மனரம்மியத்தைப் பற்றி எழுதப்பட்ட நிருபம் பிலிப்பிக்குச் சென்றது. பவுலும் சீலாவும் அடிபட்டதும் அதே பட்டணத்தில்தான். விசாரணையின்றி அவர்களைக் கோல்களால் அடித்து, உட்காவலறையில் தொழுமரத்தில் கால்களை மாட்டிவைத்தார்கள். நடுராத்திரியில் அவர்கள் ஜெபித்துப் பாடினார்கள். மற்றக் கைதிகள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பூமியதிர்ச்சியும், சிறைச்சாலைக்காரனின் இரட்சிப்பும் ஞாயிறுப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். விடிந்தபின் நடந்ததைத்தான் பலரும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். இவர்களை விட்டுவிடுங்கள் என்று அதிகாரிகள் சேவகரிடம் சொல்லியனுப்பினார்கள். பவுல் போக மறுத்துவிட்டார். ரோமக் குடிமக்களைத் தீர்ப்பில்லாமல் வெளியரங்கமாய் அடித்துவிட்டு மறைவாய் வெளியேற்றுவதா, அவர்களே வந்து அழைத்துப் போகட்டும் என்றார். அதிகாரிகள் பயந்து, நேரில் வந்து வேண்டிக்கொண்டார்கள்.

நடுராத்திரியில் பாடியவரும் காலையில் நியாயம் கேட்டவரும் ஒரே மனிதர். பாடியதனால் அவருடைய கோபம் கசப்பாகவில்லை; கேட்டதனால் அவருடைய பாட்டு பொய்யாகவில்லை. தழும்புகளுக்காக அவர் நன்றி செலுத்தியதாக வேதம் சொல்லவில்லை. தழும்புகளோடு இருந்தபோது அவர் துதித்தார்.

இடுக்கி மலைகள் 2015 செப்டம்பரில் அந்தக் காலைவேளையின் சாயலைக் கண்டன. நாட்கூலி 232 ரூபாயாயிருந்த மூணாறுத் தோட்டங்களின் பெண்கள் ஆயிரக்கணக்கில் வீதியில் அமர்ந்தார்கள். தொழிற்சங்கத் தலைவர்களையும் ஒதுக்கிவைத்து, பொம்பிளை ஒருமை என்ற பெயரில் அவர்களே பேசினார்கள். ஒன்பது நாளில் 20 சதவீதத் தொகை போனசாகவும் கருணைத் தொகையாகவும் கிடைத்தது. அடுத்த மாதம் கூலி 301 ரூபாயாயிற்று. கேட்டது 500 ரூபாய். குறைவாகவே வந்தது என்றாலும், அமைதியாயிருப்பதுதான் பக்தி என்று அந்தப் பெண்களிடம் சொல்ல எந்தப் போதகருக்கும் வேதத்தில் ஆதாரமில்லை.

மனரம்மியத்தின் இன்னொரு அடையாளம் கொடுப்பதாகும். மக்கெதோனியா சபைகளின் கொடிய தரித்திரத்திலிருந்து உதாரத்துவம் பெருகியது என்று கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபம் கூறுகிறது. பிலிப்பி அந்தச் சபைகளில் ஒன்று. தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களில் உலை வைக்குமுன் ஒரு கைப்பிடி அரிசியைத் தனியே எடுத்துவைக்கும் வழக்கம் உண்டு. கேரளத்தில் அதற்குப் பிடியரி என்று பெயர். 19ஆம் நூற்றாண்டில் மான்னானத்தில் ஊழியஞ்செய்த சாவறா குரியாக்கோஸ் ஏலியாஸ் அடிகளார், ஏழைப் பிள்ளைகளின் மதிய உணவுக்காக வீடுகளில் பிடியரி திரட்டச் செய்தார். வடகிழக்கே மிசோ சபைகளில் இதே வழக்கம் 1910இல் ஐசாலில் தொடங்கியது. புஃபாய் தாம் என்பது அதன் பெயர். மறு ஆண்டே மூங்கில் பூத்து, எலிகள் பெருகி, தானியம் அழிந்து பஞ்சம் வந்தது. பஞ்சத்தைக் கடந்தும் அந்தக் கைப்பிடி நிற்கவில்லை. இன்றும் மிசோ சபைகளின் மிஷனெரிப் பணியைத் தாங்குவதில் அதற்குப் பெரும் பங்குண்டு.

கைப்பிடி அரிசியைக் குறித்துச் சிந்திக்கத்தக்க ஒன்று உண்டு. அது மிச்சத்திலிருந்து எடுக்கப்படுவதில்லை. உலையில் போடுமுன், எல்லாருக்கும் போதுமா என்று தெரியுமுன் எடுக்கப்படுகிறது. அரிசி இருக்கிற ஒவ்வொரு நாளும் அந்த வீட்டுத் தாய் தன் பானையைப் பார்த்து, இதில் ஒரு பங்கு கொடுக்கக்கூடியது என்று தீர்மானிக்கிறாள். கொடுக்க ஒன்று இருக்கிற வீட்டை எந்த நிர்வாகமும் முற்றிலும் ஏழையாக்கிவிட முடியாது. அந்த அரிசி வடநாட்டுப் பணித்தளத்தில் யாரோ ஒருவருடைய பயணச் சீட்டாகவோ, யாரோ ஒரு பிள்ளையின் புத்தகமாகவோ மாறுகிறது. அனுப்பியவளின் பெயர் எந்த அறிக்கையிலும் வருவதில்லை.

பவுலைத் தேடிவந்த காணிக்கையில் பிலிப்பியின் சிறைச்சாலைக்காரன் வீட்டுப் பங்கும் இருந்ததா என்று வேதம் சொல்லவில்லை. அந்த இராத்திரியில் அவன் பவுலின் காயங்களைக் கழுவி, தன் வீட்டில் பந்தி வைத்தான் என்றுமட்டும் சொல்லுகிறது.

ஏலப்பாறை, வண்டிப்பெரியாறு, பீருமேடு பகுதிகளின் பழைய லயங்களில் ஒவ்வொரு தென்மேற்குப் பருவமழையையும் அச்சத்தோடு எதிர்கொள்ளும் குடும்பங்களுக்காகவும், உழைத்த ஆண்டுகளுக்குரிய தொகைக்காகக் காத்திருக்கும் முதியோருக்காகவும், வெளியூர் ஆலைகளில் தங்கியிருக்கும் அவர்களுடைய பிள்ளைகளுக்காகவும், அந்த மலைகளில் இரு மொழிகளிலும் ஊழியஞ்செய்கிறவர்களுக்காகவும் ஜெபக்குழுக்கள் இம்மாதம் கர்த்தரிடத்தில் மன்றாடும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.